நெற்றிக்கு வைத்த கை

அன்புள்ள சார்,

புதுச்சேரிக்கு வடக்கே, கடலைப் பார்த்த எங்கள் குடும்ப நிலத்தில் ஏழு அறைகள் கொண்ட ஒரு சின்ன ஹோட்டல் கட்டுகிறோம். நான் இன்டீரியர் டிசைன் படித்தவள். டிராபிகல் மினிமலிசம், அதாவது வெப்பநாட்டுச் சாயலில் பொருள்களை மிகக் குறைத்து வைக்கும் பாணி என்று முடிவு செய்திருக்கிறேன். வெள்ளைச் சுவர், மெருகேற்றிய சிமென்ட் தரை, தாழ்வான கட்டில், ஒரு பிரம்பு விளக்கு, மூலையில் பெரிய இலைகளோடு ஒரு செடி. கடல் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. படங்களை இணைத்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து குழப்பமாக இருக்கிறது. மினிமலிசம் நமக்கு அந்நியமானதா? இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவும் மினிமலிஸ்ட்தானே? சுவரில் ஏதாவது மாட்டினால் அம்மாவின் குறை தீருமா?

எம்.

அன்புள்ள எம்.,

இங்கே மூன்று நாளாக மழை. சாரல் அடிக்கிறதே என்று எழுதும் மேசையைச் சன்னலை விட்டு நகர்த்தினேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே போன்ற ஒரு மழையில், இன்னொரு ஆளோடு சேர்ந்து ஒரு கட்டிலை நகர்த்தியது ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் படங்களைத் திறந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

அந்நியமா நம்முடையதா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினால் அறை காலியாகிவிடும் வீடுகளில்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். அதற்கு ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். சுவரில் எதை மாட்டுவது என்பதும் உங்கள் இஷ்டம். மாட்டினாலும் சரி, மாட்டாவிட்டாலும் சரி, அம்மா சொன்னது அதனால் தீராது.

பாவா விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம். கொழும்பில் நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, ஒன்றாக இணைத்து அவர் உண்டாக்கிய 'நம்பர் 11' வீட்டை ஒரு தடவையாவது படத்தில் நிதானமாகப் பார்த்தீர்களா? பழைய தூண்கள், பழைய கதவுகள், ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட் ஓவியம் தீட்டிய கதவு, சிலைகள், கைத்தறித் துணிகள். 1969இல் திறந்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலில் வரவேற்புக் கூடத்தின் உட்கூரை முழுக்க இலங்கைக் கலைஞர் ஏனா டி சில்வாவின் பத்திக் துணிகள், மெழுகு தடவிச் சாயம் ஏற்றியவை. அது கண்ணைப் பறிக்கும் நிறம். இவரைப் போய் மினிமலிஸ்ட் என்கிறீர்கள். அவர் கட்டடங்கள் அமைதியாக இருப்பதற்குக் காரணம் பொருள் குறைவாக இருப்பது இல்லை. கூரை பெரிதாக இருப்பது. நெளி சிமென்ட் தகடு போட்டு அதன் மேல் அரைவட்ட நாட்டு ஓடுகளை அடுக்கும் முறையை அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். தண்ணீரைத் தகடு தடுக்கும், ஓடு வெயிலைத் தாங்கும். அந்தக் கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீளும். கீழே இருப்பதெல்லாம் நிழலில் இருக்கும். நிழலில் எது இருந்தாலும் கண்ணுக்கு இதம்தான். படித்த பெண், படங்களின் ஓரத்தைப் பார்க்காமல் நடுவை மட்டும் பார்த்தால் எப்படி?

அம்மா சொன்னதற்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் எங்கேயும் நிழல் விழாதபடி வெளிச்சம் போடுவார்கள். அங்கே அது தேவை. உங்கள் படத்திலும் எங்கும் நிழல் இல்லை. கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் மோதி, தரையில் மோதி, கூரையில் மோதித் திரும்ப முகத்துக்கே வருகிறது. அம்மா பொருள் குறைவு என்று சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவருக்குக் கண் கூசியிருக்கிறது.

சரி, அந்தக் கட்டில் கதை. இருபத்திரண்டு வயதில் ஒரு கடற்கரை ஹோட்டலில் ஒன்றரை வருஷம் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். பன்னிரண்டு அறைகள். பழைய ஓட்டுக் கட்டடம், கடல் பக்கம் முழுக்க நீளமான தாழ்வாரம். முதலாளி எங்கோ வெளிநாட்டில் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்பதாம் எண் அறைக்கு முன்னால் இருந்த தாழ்வாரத்தை மட்டும் இடித்து, சுவரையும் எடுத்துவிட்டு, அந்த இடம் முழுக்கக் கண்ணாடி வைத்தார். உள்ளே இருந்த பழைய பீரோ, மேசை எல்லாம் வெளியே போயின. வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, கடல். பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நானும்தான்.

முதலில் தங்கியவர்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் ரிசப்ஷனில் வந்து நின்றார்கள். ஆறேகாலுக்கு வெயில் முகத்தில் அறைந்து எழுப்பிவிட்டதாம். திரைச்சீலை போட்டோம். போதவில்லை. கனத்த துணியில் இரண்டாவது திரை வந்தது. அதை மூடினால் காற்று இல்லை, அதனால் ஏசி வந்தது. ஏசி தண்ணீர் போகச் சுவரில் ஒரு குழாய் வந்தது. கடைசியில் கடலுக்காக அதிக வாடகை வாங்கிய அந்த அறையில் மத்தியானம் வரை கடல் தெரியாது. மற்ற பதினோரு அறைகளில் தங்கியவர்கள் தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அறைகளைச் சுத்தம் செய்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோருக்கும் அண்ணன். கடல் காற்றில் வரும் உப்பு கண்ணாடியில் படலமாகப் படியும், உங்களுக்குத் தெரியாதது இல்லை. பழைய பேப்பரை நனைத்து அவர் அதைத் தினமும் மூன்று தடவை துடைப்பார். பதினோரு அறைக்கும் சேர்த்து ஆகும் நேரம் அந்த ஓர் அறைக்கு ஆனது. அப்புறம் ஐப்பசி வந்தது. வங்கக் கடலோரத்தில் வடகிழக்கு மழை எங்கிருந்து அடிக்கும்? கடலிலிருந்து, நேராக அந்தக் கண்ணாடியில். ஸ்லைடிங் கதவின் தண்டவாளம் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. பழைய பெட்ஷீட்டுகளை முறுக்கி அதில் அடைத்து வைப்பார். ஒரு ராத்திரி அதுவும் தாங்கவில்லை. தங்கியிருந்தவர்களை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, நானும் அவருமாகக் கட்டிலைச் சுவரோரம் தள்ளினோம். முழங்கால் வரை நனைந்துவிட்டோம். அவர் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "வெயில்ல நின்னு தூரத்துல பாக்குறவன் என்ன தம்பி செய்வான்? கைய நெத்தியில வச்சுக்குவான். இந்த ரூமோட கைய வெட்டிட்டாங்க."

பல வருஷம் கழித்து, அனுமதி வாங்கிக்கொண்டு கோல்கொண்டே விடுதிக்குள் போனபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். எம்., அந்தக் கட்டடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான்கு நாடுகளின் ஹோட்டல் படங்களை இணைத்திருக்கிறீர்கள், ஆட்டோவில் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டீர்கள். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930களின் இறுதியில் கட்டத் தொடங்கிய விடுதி அது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர். கூடவே இருந்து கட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகஷிமா, பிற்காலத்தில் மரச்சாமான்களுக்காக உலகப் பெயர் வாங்கியவர். இந்தியாவின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அறைக்குள் தேக்கில் செய்த சில சாமான்கள் மட்டும்தான். நீங்கள் தேடும் வெறுமை அங்கே இருக்கிறது. ஆனால் சுவரைப் பாருங்கள். வடக்கிலும் தெற்கிலும் கண்ணாடி கிடையாது. அகலமான கிடைப் பட்டைகள், மேலிருந்து கீழ் வரை, வேண்டிய அளவுக்குத் திருப்பிக்கொள்ளலாம். காற்று வரும், வெயில் வராது, மழை வராது. தாழ்வாரப் பக்கத்துக் கதவும் சந்து விட்ட தேக்குப் பலகைதான், மூடினாலும் காற்று போகும். தளத்துக்கு மேலே இடைவெளி விட்டு வளைவான கான்கிரீட் ஓடுகள், அந்த இடைவெளியிலும் காற்று ஓடும். திரைச்சீலை வேண்டியதில்லை, ஏசி வேண்டியதில்லை. ஏழெட்டுப் பொருள்கள் செய்ய வேண்டிய வேலையைச் சுவரும் கூரையும் செய்துவிடுவதால்தான் அறையைக் காலியாக விட முடிந்தது. (அந்தப் பட்டைகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட். அதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். மரத்திலோ அலுமினியத்திலோ செய்துகொள்ளலாம்.)

நான் இத்தனை நேரம் சொல்ல வந்தது இதுதான். வெளியே நிழலை விட்டுவிட்டால், உள்ளே ஒவ்வொன்றாகச் சாமான் வரும். முதல் வருஷம் முடிவதற்குள் வரும். நீங்கள் இப்போது படத்தில் காலியாக வைத்திருக்கும் அறைக்குள் இரண்டு அடுக்குத் திரை, ஏசி, அதன் குழாய், ஈரம் உறிஞ்சும் டப்பா, கதவடியில் மிதியடி எல்லாம் வந்து உட்காரும். பிரம்பு விளக்கில் பூஞ்சை பிடிக்கும். ஓதம் அடித்த வெள்ளைச் சுவரை வருஷா வருஷம் பூசுவீர்கள்.

தாழ்வாரம் போட்டால் கடல் மறைந்துவிடும் என்று உங்கள் கட்டட நிபுணர் சொல்வார். எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. தொடுவானம் பார்ப்பவரின் கண் மட்டத்தில்தான் இருக்கும். நின்றால் நின்ற உயரத்தில், படுத்தால் படுத்த உயரத்தில். 7 அடி உயரத்தில் இருக்கும் இறவாரம், அதாவது கூரையின் வெளி விளிம்பு, கடலை எப்படி மறைக்கும்? அது மறைப்பது மேலே இருக்கும் வானத்தை. கண்ணைக் கூசவைப்பதே அந்த வானம்தான். அதை மறைத்தால் கடலின் நீலம் இன்னும் நன்றாகத் தெரியும்.

கிழக்கு வெயில் தாழ்வானது, இறவாரம் மட்டும் போதாது என்பதும் உண்மை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாழ்வாரத்தின் ஆழம் 8 அடி, இறவார உயரம் 7 அடி என்று வையுங்கள். சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில், உதித்து இரண்டு மணி நேரத்தில் உங்கள் ஊரில் அது ஏறக்குறைய 29 டிகிரி ஏறியிருக்கும். அப்போது வெயில் சுவரில் இரண்டரை அடி உயரத்துக்கு மேல் படாது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஏற்பாடு வேண்டும். சுருட்டி ஏற்றும் மூங்கில் தட்டி போதும். உதயம் பார்க்க விரும்புகிறவர் சுருட்டிக்கொள்வார், தூங்க விரும்புகிறவர் இறக்கிவிடுவார். இன்றைய முகப்பு வடிவங்களில் சன்ஷேடு என்ற பெயரில் ஒன்றரை அடி பலகை ஒன்றை நீட்டுகிறார்களே, கிழக்குப் பக்கம் அது எதற்கும் ஆகாது.

புயலில் பறந்துவிடாதா என்று கேட்டால், அது நல்ல கேள்வி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் உங்களுக்கும் கடலூருக்கும் நடுவில்தான் கரை ஏறியது. நீண்ட இறவாரத்துக்குக் கீழே புகும் காற்று கூரையைத் தூக்கும். அதனால் தாழ்வாரத்துக் கூரையை வீட்டுக் கூரையின் தொடர்ச்சியாகப் போடாமல், அதன் கீழே தனியாகப் போடச் சொல்லுங்கள். தனித் தூண், தனிச் சட்டம், இரும்புப் பட்டையால் நன்றாக இழுத்துக் கட்டியது. மோசமான புயலில் அது போனாலும் வீட்டுக் கூரை நிற்கும்.

செடி பற்றிக் கேட்டிருந்தால் பேசலாம், கேட்கவில்லை. இருந்தாலும் ஒன்று. மூலையில் நிற்கும் அந்தத் தொட்டிச் செடி வெளியே தாழ்வாரத்து ஓரத்தில் மண்ணில் இருக்கட்டும். அங்கே அது வளரும்.

மின்விசிறியை ஒளிக்காதீர்கள். உங்கள் படங்கள் ஒன்றில்கூட மின்விசிறி இல்லை. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டால் ஏறக்குறைய 3 டிகிரி குறைந்தது போல உடம்பு உணரும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது பெரிய விஷயம்.

அப்புறம் ஈரத்துண்டு. கடலில் குளித்துவிட்டு வருகிறவர் அதை எங்கே காயப்போடுவார்? உங்கள் ஏழு அறைகளில் ஒரு கொக்கி இல்லை, ஒரு கொடி இல்லை. அவர் அதைப் பிரம்பு நாற்காலியின் முதுகில் போடுவார், சாயங்காலம் அங்கேயே நாற்றம் எடுக்கும், மறுநாள் சுத்தம் செய்ய வரும் பெண் அதை மூக்கைப் பொத்திக்கொண்டு எடுப்பார். தாழ்வாரம் இருந்தால் அங்கே இரண்டு தூணுக்கு நடுவே ஒரு கயிறு. படத்துக்கு நன்றாக இருக்காதே என்று நினைக்காதீர்கள். அறையைப் பார்க்க வருகிறவரைவிட அறையில் இருக்க வருகிறவர் முக்கியம், உங்களுக்கு அது தெரியும். வேலை செய்கிறவர்களையும் இப்போதே கூப்பிட்டுப் பேசுங்கள். கண்ணாடியை எதைக் கொண்டு, எந்த உயரம் வரை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைக்க வேண்டியிருக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள் வயதில் நானும் ஒன்பதாம் எண் அறையைப் பார்த்து வாயைப் பிளந்தவன்தான், அதனால் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. வெறுமையான அறை வேண்டும் என்று நீங்கள் நினைத்தது நல்ல நினைப்பு. நிலமும் கையில் இருக்கிறது, இன்னும் கான்கிரீட் விழவில்லை. ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், கட்டில் வரப்போகும் இடத்தில் இரண்டு நாற்காலி போட்டு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருங்கள். அவர் எப்போது கையை நெற்றிக்குக் கொண்டுபோகிறார், எப்போது இறக்குகிறார் என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கடிதத்தோடு இந்த மாதிரிப் படங்களை அனுப்ப வேண்டாம். செக்‌ஷன் டிராயிங் ஒன்று, அதாவது கட்டடத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிவது போன்ற வரைபடம், அனுப்புங்கள். ஏழு அறைக்கும் வேண்டாம், ஓர் அறைக்குப் போதும். படுத்திருப்பவரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அதில் ஒரு புள்ளி வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்.