உங்களை இன்டிமேட் செய்கிறேன்

‘வேலை முடிந்ததும் உங்களை இன்டிமேட் செய்கிறேன்’ என்று லீட்ஸ் அலுவலக மேலாளருக்கு மெயில் அனுப்பினீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். கிண்டியில் எட்டு வருடம் எழுதிய சொல்தானே, இதில் என்ன தப்பு என்று கேட்கிறீர்கள்.

முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன், தம்பி. விடுமுறைக்குச் சென்னை வந்திருக்கிறேன். எங்கள் நங்கநல்லூர் குடியிருப்பின் லிஃப்ட் கதவிலேயே ஓர் அறிவிப்பு தொங்குகிறது: வெளியூர் போகிறவர்கள் செயலாளரை இன்டிமேட் செய்யவும். சேப்பாக்கத்தில் பொதுப்பணித் துறை எழுத்தராக இருந்த அப்பாவின் கார்பன் நகல்களில் பாதி இந்தச் சொல்லோடுதான் தொடங்கும். நமக்கு அது தெரிவிப்பது. இங்கிலாந்தில் இன்று அது கோடிகாட்டுவது, சாடையாக உணர்த்துவது.

நானும் பட்டவன்தான். பர்மிங்காமில் முதல் குளிர்காலம், அறையில் ஹீட்டர் ஓடவில்லை. ‘போன வாரமே உங்கள் ஊழியரிடம் இன்டிமேட் செய்தேன்’ என்று வீட்டுக்காரருக்கு எழுதினேன். ‘சாடை காட்டினால் எப்படி? நேராகச் சொல்லியிருக்கலாமே’ என்று பதில் வந்தது. இரண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்து அதைப் படித்தேன்.

உங்கள் வாக்கியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘அவருக்குத் தெரிவி’ என்போம். ‘அவரைத் தெரிவி’ என்போமா? இந்த வினையும் அப்படித்தான். தெரிவிக்கப்படுவது செய்தி, ஆள் அல்ல. ‘இன்ஃபார்ம்’ ஆளை நேராகப் பிடித்துக்கொள்ளும்; அதைப் பார்த்து நாம் இதையும் ஆள்மேல் ஏற்றிவிட்டோம். ஆளோடு ஒட்டி வந்ததும் ஆங்கிலக் காது ‘நெருக்கமான’ என்ற பொருள் தரும் பெயரடைப் பக்கம் ஓடுகிறது. அதன் கடைசி அசை ‘மட்’, வினைக்கு ‘மேட்’. எழுத்தில் இரண்டும் ஒன்றேதான். சிரிப்பு அங்கிருந்து வந்தது.

இரண்டுக்கும் வேர் ஒன்று. லத்தீனில் ‘இன்டிமஸ்’ என்றால் உள்ளுக்குள் உள்ளானது. அதிலிருந்து பிறந்த ‘இன்டிமாரே’ என்ற வினைக்கு அறிவித்தல் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அறிவித்தல்தான். சாடைப் பொருள் பிறகு ஒட்டியது. (திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பே இரண்டு முறை வருகிறது: 71ஆம் அதிகாரம் அரசவைக்கு, 110 காதலர்க்கு. இந்தச் சொல்லின் இரண்டு முகமும் அங்கே இருப்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.)

ஆகவே நம் அலுவலகங்கள் காப்பாற்றி வைத்திருப்பது பழைய பொருளை. பிறகு எடின்பரோவுக்குக் குடிபெயர்ந்தபோது செய்தித்தாளின் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்தேன், தலைப்பு ‘இன்டிமேஷன்ஸ்’. ஸ்காட்லாந்து தேவாலயங்களில் ஞாயிறு அறிவிப்புகளுக்கும் அதே பெயர். அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தது போல இருந்தது.

லீட்ஸ் மேலாளருக்கு இனி ‘லெட் யூ நோ’ போதும். சென்னை வங்கிக்கு முகவரி மாற்றம் எழுதும்போது மட்டும் தயங்காமல் இன்டிமேட் செய்யுங்கள். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.