சிங்கப்பூரில் வாங்கிய லேப்டாப்: கட்டிய வரி திரும்புமா, வாரண்டி கிடைக்குமா?

கேள்வி: வக்கீல் சார், குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்கிறேன். ஜூலை மாதம் நானும் மனைவியும் சிங்கப்பூர் சுற்றுலா போய் வந்தோம். ஆளுக்கொரு போன் 85,000 ரூபாய் மேனிக்கு இரண்டு, காட்பாடியில் பொறியியல் படிக்கும் மகனுக்கு 80,000 ரூபாயில் ஒரு லேப்டாப் வாங்கினோம். இங்கே வாங்குவதைவிட போனுக்கு 15,000, லேப்டாப்புக்கு 20,000 குறைவு. மூன்றுக்கும் பில் என் பெயரில்தான், என் கார்டில்தான் பணம் கட்டினேன். 2025 ஜூலை 12 அன்று ஊர் திரும்பியபோது, எல்லோரும் போகிறார்களே என்று, வரி கட்டும் பொருள் இல்லாதவர்கள் போகிற பச்சை வழியில் வந்தோம். கஸ்டம்ஸ்காரர்கள் நிறுத்தி, மூன்று பொருளுக்கும் சேர்த்து 77,000 ரூபாய் வரி, 10,000 மீட்பு அபராதம், 5,000 தண்டம் போட்டார்கள். கையெழுத்துப் போட்டு, கட்டிவிட்டு வந்தோம். இப்போது லேப்டாப்பும் ஆன் ஆகவில்லை. வேலூர் சர்வீஸ் சென்டரில் 12 நாள் வைத்திருந்து, சோதனைக் கட்டணம் 1,180 வாங்கிக்கொண்டு, "இது சிங்கப்பூர் பீஸ், இங்கே வாரண்டி இல்லை, போர்டு மாற்ற 34,000 ஆகும்" என்கிறார்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? வேலூரில் வழக்குப் போடலாமா? தீபாவளிக்கு மச்சான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வருகிறார். 55 அங்குல டிவி கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சுங்கச் சட்டம் 1962, பிரிவு 128-ன்படி, உத்தரவு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் மனு போட வேண்டும். ஜூலை 12 அன்றே உத்தரவைக் கொடுத்துவிட்டார்கள் என்றால், செப்டம்பர் 10 உங்கள் கடைசி நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் ஆணையருக்கே மன்னிக்க அதிகாரம் கிடையாது. குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் "பணத்தைத்தான் கட்டிட்டோமே, இனி என்ன இருக்கு" என்று மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் தாளை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நல்ல வழக்காக இருந்தாலும் அப்போது ஒன்றும் செய்ய முடிவதில்லை. நீங்கள் நேரத்தோடு கேட்டிருக்கிறீர்கள்.

பணம் கட்டியதாலோ, கையெழுத்துப் போட்டதாலோ மேல்முறையீட்டு உரிமை போய்விடாது. நீங்கள் கையெழுத்துப் போட்டது, எழுத்து மூலம் நோட்டீஸ் வேண்டாம், நேரிலேயே விசாரித்து முடியுங்கள் என்ற தாளாகத்தான் பெரும்பாலும் இருக்கும். விமான நிலையத்தில் விடியற்காலையில், வெளியே வண்டி காத்திருக்கும் அவசரத்தில், எல்லோரும் போடுகிற கையெழுத்து அது.

இப்போது உங்கள் 77,000 எப்படி வந்தது என்று பார்ப்போம். இந்தியாவில் குடியிருப்பவர் சிங்கப்பூர் போன்ற நாட்டிலிருந்து வரும்போது, 2025-இல் நடப்பிலிருந்த 2016-ஆம் ஆண்டு பேக்கேஜ் விதிகளின்படி (பயணி தன்னோடு கொண்டுவரும் பொருளுக்கான விதிகள்), ஆளுக்கு 50,000 ரூபாய் வரை பொருளுக்கு வரி இல்லாமல் இருந்தது. மிஞ்சியதற்கு 35 சதவீதம் வரி, அந்த வரியின் மேல் 10 சதவீதம் கூடுதல் கட்டணம், ஆக 38.5 சதவீதம். உங்கள் மூன்று பொருளின் மதிப்பு 2,50,000. அதில் 50,000 போக 2,00,000. அதற்கு 38.5 சதவீதம் போட்டால் சரியாக 77,000. கணக்கில் பிழை இல்லை. லேப்டாப்பைக் கணக்கில் சேர்த்ததுதான் பிழை.

18 வயது நிறைந்த பயணி ஒருவர் தன் பெட்டியோடு கொண்டுவரும் ஒரு லேப்டாப்புக்கு வரிவிலக்கு உண்டு. இது அந்த 50,000 ரூபாய்க்குள் அடங்குவதில்லை, அதற்கு வெளியே தனியாகக் கிடைப்பது. சுங்க அறிவிக்கை 11/2004 என்று மனுவில் எழுதுங்கள். நீங்கள் கொண்டுவந்தது ஒரே ஒரு லேப்டாப். அதை எடுத்துவிட்டால் போன்களின் மதிப்பு 1,70,000, வரி விழ வேண்டியது 1,20,000-க்கு, அதாவது 46,200 ரூபாய். ஆக 30,800 ரூபாய் கூடுதலாக வசூலித்திருக்கிறார்கள். இதுதான் உங்கள் மனுவின் முதுகெலும்பு. அபராதமும் தண்டமும் லேப்டாப்பைச் சேர்த்த மதிப்பை வைத்துத்தான் முடிவு செய்யப்பட்டன, ஆகவே அவற்றையும் குறைக்க வேண்டும் என்று கூடவே கேளுங்கள்.

மனைவியின் 50,000 ரூபாய்ச் சலுகையையும் கேட்கலாமா என்பீர்கள். கேட்கலாம், ஆனால் நான் அதை நம்பி இருக்க மாட்டேன். ஒருவருடைய சலுகையை இன்னொருவருடையதோடு சேர்த்துக்கொள்ள விதி அனுமதிக்கவில்லை. கணவன் மனைவியானாலும் அப்படித்தான். இரண்டு பில்லும் உங்கள் பெயரில், பணம் கட்டியதும் உங்கள் கார்டில். ஒரு போனை அங்கேயே உங்கள் மனைவி பெயரில் பில் போட்டு, அவர் பையில் வைத்து, இருவரும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லியிருந்தால், ஆளுக்கு 35,000-க்கு மட்டும் வரி. தலைக்கு 13,475, இருவருக்கும் 26,950. அபராதம், தண்டம் எதுவும் இல்லை. சிவப்பு வழி என்றால் குற்றவாளிகள் போகும் வழி என்று நம்மவர்கள் பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். அது பொருளைச் சொல்லி வரி கட்டும் கவுண்டர், அவ்வளவுதான். சொல்லாமல் பச்சை வழியில் வந்தால்தான் பிரிவு 111-ன்படி பொருளைப் பறிமுதல் செய்யவும், பிரிவு 112-ன்படி தண்டம் போடவும் இடம் கிடைக்கிறது. பறிமுதல் செய்த பொருளைத் திரும்ப வாங்கத்தான் பிரிவு 125-ல் சொல்லும் மீட்பு அபராதம். நீங்கள் பச்சை வழியில் வந்தது உண்மை என்பதால், அபராதமும் தண்டமும் முழுதாக ரத்தாகும் என்று உங்களுக்கு நான் ஆசை காட்ட மாட்டேன். குறையலாம்.

பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு, போனில் சிம்மைப் போட்டு "பழைய போன்" என்று சொல்லியிருக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் நேற்று வாங்கியது நேற்று வாங்கியதுதான். ஏற்கெனவே ஒரு போன் சட்டைப் பையில் இருக்கும்போது இன்னொன்றையும் பழையது என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். பில்லையும் தூக்கிப் போட்டுவிட்டால், மதிப்பைச் சொல்ல உங்களிடம் ஆதாரமே இருக்காது, அதிகாரி போடும் விலைதான் விலை.

இன்னொரு தவறான யோசனையும் ஊரில் உலவுகிறது: "மேல்முறையீடெல்லாம் எதுக்கு, ரீஃபண்ட் மனு போட்டா வந்துடும்." வராது. வரி போட்ட உத்தரவை முதலில் மேல்முறையீட்டில் மாற்றினால்தான் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும் என்று 2019 செப்டம்பரில் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் நேராகச் சி.ஏ.1 என்ற படிவத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். உத்தரவின் நகல், வரி கட்டிய பேக்கேஜ் ரசீது, மூன்று பில், இருவரின் பாஸ்போர்ட் பக்கங்கள், போர்டிங் பாஸ் இவற்றை இணையுங்கள். கையில் ரசீது மட்டும்தான் இருக்கிறது, உத்தரவு தரவில்லை என்றால், இன்றே பதிவுத் தபாலில் நகல் கேட்டு எழுதுங்கள். முன்வைப்புத் தொகையாக 7.5 சதவீதம் கட்ட வேண்டும் என்ற விதி உங்களைத் தொடாது, ஏனென்றால் நீங்கள் முழுத் தொகையையும் கட்டிவிட்டீர்கள். ஆணையரும் மறுத்தால், பேக்கேஜ் விவகாரம் சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகாது. பிரிவு 129டிடி-யின்படி மூன்று மாதத்துக்குள் மத்திய அரசிடம் சீராய்வு மனு போட வேண்டும்.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். எனக்கு இதில்தான் அதிகக் கவலை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வந்த பிறகு, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். குடியாத்தம் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் உங்கள் மனுவைப் பதிவு செய்து விசாரணைக்கு எடுக்கச் சட்டம் தடையாக இல்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. சிக்கல் யார் மீது புகார் என்பதில்தான். பணம் வாங்கியது சிங்கப்பூர்க் கடை. அந்தக் கடைக்கு நோட்டீஸ் போய்ச் சேரச் செய்வதும், ஆணையம் உங்களுக்குச் சாதகமாக உத்தரவு போட்டாலும் அதை அங்கே நிறைவேற்றுவதும் 80,000 ரூபாய்ப் பொருளுக்குக் கட்டுப்படியாகாத வேலை. அந்த பிராண்டின் இந்தியக் கம்பெனி சட்டப்படி வேறு ஆள். உங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை, உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று அவர்கள் எதிர்வாதம் செய்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

அதனால் பெட்டியோடு வந்த வாரண்டி அட்டையை எடுத்து, எழுத்து பொடியாக இருந்தாலும் கடைசி வரி வரை படியுங்கள். விற்ற நாட்டில் மட்டும் செல்லும் என்று இருந்தால், இந்தியக் கம்பெனி மீது வழக்கு நிற்காது. எல்லா நாட்டிலும் செல்லும் என்றோ, இந்தியாவின் பெயரைக் குறிப்பிட்டோ இருந்தால் கதையே வேறு. அப்போது வாரண்டியை மறுப்பது சேவைக் குறைபாடு. முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் ஆணையம். லேப்டாப்பின் சீரியல் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, வாரண்டி எந்த நாட்டுக்கு என்று காட்டும் பக்கத்தையும் அச்செடுத்து வையுங்கள்.

சர்வீஸ் சென்டர் மீது தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. 12 நாள் வைத்திருந்து 1,180 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். சிங்கப்பூர் சீரியல் எண் என்பது வாங்கிய நிமிடமே கம்ப்யூட்டரில் தெரிந்திருக்கும். வாரண்டி இல்லை, சோதனைக்குப் பணம் ஆகும் என்று, பொருளை வாங்கும்போது போடும் ஜாப் ஷீட்டில் எழுதி, உங்கள் கையெழுத்து வாங்கினார்களா? வாங்காமல் பிறகு பணம் கேட்டிருந்தால் அது கேட்கக்கூடிய புகார். ஜாப் ஷீட்டில் பொருள் எந்த நிலையில் வந்தது என்று எழுதியிருப்பார்களே, அதையும் பாருங்கள். சின்னத் தொகைதான், ஆனால் இந்த வழக்கில் பணம் வாங்கியவர் வேலூரிலேயே இருக்கிறார்.

34,000 கொடுத்துப் போர்டு மாற்றும் முன் சிங்கப்பூர்ச் சட்டத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். அங்கே 2012 செப்டம்பர் முதல் ஒரு விதி உண்டு. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த பழுது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. முதலில் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கேட்க வேண்டும், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. பில், சர்வீஸ் சென்டர் அறிக்கை இரண்டையும் சேர்த்து இந்த வாரமே கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மச்சான் அங்கே இருப்பது பெரிய பலம். வெளியே எங்கும் பிரித்துப் பார்த்த லேப்டாப்பைக் கடை ஏற்கத் தயங்கும் என்பதால், வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்க விடாதீர்கள்.

மச்சான் லீவு முடிந்து திரும்பும்போது லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினால், புறப்படும் விமான நிலையத்திலேயே கஸ்டம்ஸில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கச் சொல்லுங்கள். சீரியல் எண்ணோடு எழுதித் தருவார்கள். சரிசெய்து திரும்பக் கொண்டுவரும்போது இது இங்கிருந்து போன பொருள்தான் என்று காட்ட அந்தத் தாள் வேண்டும்.

மொத்தத்தில் லாபமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்வி முழுக்க அதுதான் இருக்கிறது. மூன்று பொருளிலும் சேர்த்து 50,000 மிச்சம் என்று போனீர்கள். முறைப்படி சொல்லி வந்திருந்தாலும் 26,950 வரி போயிருக்கும். போன்களில் மட்டும் பார்த்தால் 30,000-க்கு 3,050 மிச்சம். கார்டில் கட்டியதால் வெளிநாட்டுப் பணத்துக்கான கட்டணத்தை வங்கி தனியாகப் பிடித்திருக்கும். அது 3.5 சதவீதம் என்று வைத்தால் 2,50,000-க்கு 8,750 ரூபாய். சுற்றுலாப் பயணிக்கு சிங்கப்பூர் தன் 9 சதவீத ஜி.எஸ்.டி.யை ஒரு பகுதி கழித்துத் திருப்பித் தருகிறது. அதை வாங்கியிருந்தால் கொஞ்சம் சரிக்கட்டும். வரியில்லாமல் உண்மையிலேயே மிச்சம் தந்தது லேப்டாப் ஒன்றுதான், அதுதான் இப்போது வாரண்டி இல்லாமல் மேசையில் கிடக்கிறது. அந்த 20,000 ரூபாய் வித்தியாசத்தில், பழுதானால் வேலூரில் போய்க் கேட்கும் உரிமையின் விலையும் அடங்கியிருந்தது. பல வருடம் ஓட வேண்டிய, விலை கூடிய பொருளுக்கு அந்த உரிமையை விட்டுக்கொடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. எல்லா நாட்டிலும் வாரண்டி உண்டு என்று அட்டையிலேயே எழுதியிருக்கும் ஒரு லேப்டாப் என்றால் சரி, வாங்கலாம்.

மச்சானிடம் டிவி கேட்காதீர்கள். அந்த 2016 விதிகளின்படி தட்டைத் திரை டிவிக்கு 50,000 ரூபாய்ச் சலுகையே கிடையாது, முதல் ரூபாயிலிருந்து 38.5 சதவீதம். 45,000 ரூபாய் டிவி என்றால் 17,325 வரி, விமானத்தில் கூடுதல் எடைக்குத் தனி. நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்கு வேறு சலுகைகள் உண்டு, லீவில் வருகிறவருக்கு அவை பொருந்தாது. அவர் வருவது தெரிந்தால் தெருவில் நாலு பேர் "எனக்கும் ஒரு போன்" என்று பணம் கொடுத்தனுப்புவார்கள். அதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டாம். நாலு புதுப் போனோடு பிடிபட்டால் அதிகாரி அவரைக் குருவி, அதாவது கூலிக்குப் பொருள் கடத்துகிறவர், என்றுதான் பார்ப்பார், சொந்த உபயோகம் என்ற வாதம் எடுபடாது, தண்டம் விழுவது அவர் பெயரில். டிவியை வேலூரிலேயே ஒரு கடையில் வாங்கி, ஜி.எஸ்.டி. பில்லும் கடை முத்திரை போட்ட வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். மச்சான் வரும்போது லேப்டாப்பின் சிங்கப்பூர் பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட் மூன்றையும் நகலெடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால், செப்டம்பர் 10-க்குள் மேல்முறையீடு.