பிளிப்பர் இல்லாத பின்பால்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாய்ந்த மேடையில் குண்டு உருட்டி ஆடும் பின்பால் மெஷின்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், குண்டைத் திருப்பி அடிக்கும் சிறு துடுப்பான பிளிப்பர் வந்த பிறகான ஆட்டங்களைத்தான் விரிவாகப் பேசியிருந்தீர்கள். பிளிப்பர் இல்லாமல் எண்களைச் சேர்த்து ஆடும் பிங்கோ பின்பாலைத் தொடவேயில்லை. நான் இருப்பது ஆன்ட்வெர்ப்பில். பெல்ஜியத்தின் கஃபேக்களில் இந்த வகை இன்னும் ஓடுகிறது. 1950களில் பாலி நிறுவனம் செய்த மெஷின் ஒன்று இப்போது விலைக்கு வந்திருக்கிறது. போய்ப் பார்த்தேன், பிடிபடவில்லை. பிளிப்பர் இல்லை, குண்டு மோதித் தெறிக்கும் பம்பர் இல்லை, மேடை முழுக்கக் குழிகள். குண்டை விட்டுவிட்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன ஆட்டம் இருக்கிறது? படங்களும் அப்படித்தான். எங்கு பார்த்தாலும் கடற்கரை, நீச்சலுடைப் பெண்கள், அதுவும் மேடைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியின் ஓரத்தில் ஒடுங்கி நிற்கிறார்கள். நடுவில் வெறும் எண்கள். இதைக் கலை என்று சேகரிக்கிறார்களே, ஏன்? வாங்குவதானால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? கண்ணாடியில் பெயின்ட் சில இடங்களில் செதில் செதிலாகக் கிளம்பியிருக்கிறது.

சிவரூபன்
ஆன்ட்வெர்ப்

அன்புள்ள சிவரூபன்,

ஆட்டம் தனி, படம் தனி என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். பிங்கோவில் அப்படிப் பிரிக்க முடியாது. பிளிப்பர் மெஷினில் கண் முழுக்க மேடையில் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி அலங்காரத்துக்கும் ஸ்கோர் காட்டவும்தான். பிங்கோவில் மேடைக்கு ஒரே வேலை, எண்களைப் பொறுக்கித் தருவது. ஆட்டம் நடப்பது கண்ணாடியில். நீங்கள் மேடையையே பார்த்துக்கொண்டு நின்றதால்தான் பிடிபடவில்லை.

முதலில் விதி. மேடையில் 1 முதல் 25 வரை எண்ணிட்ட குழிகள். ஐந்து குண்டுகள். குண்டு விழுந்த குழியின் எண், கண்ணாடியில் உள்ள ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் எரியும். ஒரே கோட்டில் மூன்று, நான்கு, ஐந்து எண்கள் எரிந்தால் அதற்கேற்ற ரீப்ளே, அதாவது இலவச மறு ஆட்டங்கள். எந்தக் குழியிலும் விழாமல் அடிவரை உருண்டு போன குண்டு திரும்பக் கைக்கு வந்துவிடும், மறுபடி விடலாம். இவ்வளவுதான் எலும்புக்கூடு. 1951இல் யுனைடெட் நிறுவனத்தின் ஏபிசி, அதே ஆண்டு பாலியின் பிரைட் லைட்ஸ் ஆகியவற்றோடு இது தொடங்கியது. பிரைட் லைட்ஸில் ஆறு அட்டைகள், அதாவது ஆறு எண் கட்டங்கள், இருந்தன, ஒரு காசுக்கு ஓர் அட்டை விழித்துக்கொள்ளும். 1953இன் பீச் கிளப் போன்றவற்றில் அட்டை ஒன்றே ஒன்று. கூடுதல் காசு அட்டைக்குப் போகாமல் வேறு வேலைக்குப் போனது. உண்மையான பிங்கோ அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன்.

அந்த வேறு வேலை என்ன? முதல் குண்டை விடுவதற்கு முன் எத்தனை காசு வேண்டுமானாலும் போடலாம். ஒவ்வொரு காசுக்கும் மெஷினுக்குள் மோட்டார் சுற்றி நிற்கும். சில சமயம் மூன்று-நான்கு-ஐந்துக்கான ரீப்ளே எண்ணிக்கை ஒரு படி ஏறும். சில சமயம் ஒரு எண் இலவசமாக எரிந்து கிடக்கும். பல சமயம் ஒன்றுமே நடக்காது, காசு போனது போனதுதான். ஐந்து குண்டும் விழுந்த பிறகு மறுபடி காசு போட்டு ஆறாவது, ஏழாவது, எட்டாவது குண்டைக் கேட்கலாம். கேட்டால் கிடைத்தே தீரும் என்றும் இல்லை. சீட்டாட்டத்தில் கையில் இருப்பதைப் பார்த்து இன்னொரு சீட்டு கேட்கலாமா, கவிழ்த்துவிடலாமா என்று யோசிக்கிறோமே, அந்த யோசனைதான் இங்கே ஆட்டம்.

கூடுதல் குண்டு ஏன் அவ்வளவு காசை விழுங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எல்லாக் குழிகளுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 25இல் 5 குழிகள் நிரம்ப 53,130 வழிகள். கட்டத்தில் முழுக் கோடுகள் கிடையாக 5, நெடுக 5, மூலைவிட்டம் 2, ஆக 12. எனவே ஐந்து குண்டில் ஐந்து-கோடு அமைய சுமார் 4,427இல் ஒரு வாய்ப்பு. ஆறு குண்டு இருந்தால் அது 738இல் ஒன்று. ஏழு என்றால் 211இல் ஒன்று. எட்டு என்றால் 79இல் ஒன்று. மூன்றே குண்டுகள், வாய்ப்பு ஐம்பத்தாறு மடங்கு. வடிவமைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் எட்டாவது குண்டு சுலபத்தில் கைக்கு வராது.

இது அத்தனையும் கணினி இல்லாத காலத்தில் மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகளான ரிலேக்களும் சுழல் தட்டுகளும் செய்த வேலை. மிக்ஸர் என்று ஒரு பாகம். வட்டமான ஃபினாலிக் பிளாஸ்டிக் தட்டில் பித்தளைக் குமிழ்கள், அவற்றின் மேல் ஓடும் உலோக விரல்கள். காசு விழுந்ததும் இவை சுற்றி எங்கோ நிற்கும். பல தட்டுகளின் வழி மின்சாரம் தடையின்றிப் போனால்தான் படி ஏறும். இதற்கு மேல் ரிஃப்ளெக்ஸ் யூனிட் என்று ஒரு கில்லாடி உண்டு. காசு விழ விழ அது ஒரு பக்கம் நகர்ந்து மெஷினைத் தாராளமாக்கும். ரீப்ளே ஜெயிக்க ஜெயிக்க எதிர்ப்பக்கம் நகர்ந்து இறுக்கிப் பிடிக்கும். "முன்னால் ஆடியவர் நிறையத் தோற்றிருந்தால் உட்கார்" என்ற பழைய ஆட்டக்காரர்களின் பேச்சு மூடநம்பிக்கை அல்ல. உள்ளே அதற்கென்று ஒரு பாகமே இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரிஃப்ளெக்ஸ் தொடுவது பரிசுகளையும் சலுகைகளையும் மட்டும்தான். குண்டை அது தொடுவதில்லை. குண்டு உங்களுடையது.

இங்கேதான் கை வருகிறது. குண்டு மெதுவாக, ரப்பர் வளையங்களிலும் ஸ்பிரிங்குகளிலும் மோதி மோதி இறங்கும். வெட்டவெளியில் உருளும் குண்டுக்காக மெஷினைத் தள்ளிப் பயனில்லை. குண்டு ரப்பரைத் தொடும் அந்தக் கணத்தில் பெட்டியை ஓர் அங்குலத்துக்கும் குறைவாக அசைத்தால் ரப்பர் அதை உதைத்துத் திருப்பும். குழியின் விளிம்பில் தத்தளிக்கும் குண்டையும் அப்படி உள்ளே தள்ளலாம், வெளியே காப்பாற்றலாம். கொஞ்சம் மிஞ்சினாலும் டில்ட் ஆகி, அதாவது அளவுக்கு மீறி அசைத்ததாக மெஷின் ஆட்டத்தை நிறுத்தி, எல்லாம் போய்விடும். நல்ல ஆட்டக்காரர் நாலாவது குண்டை விடும்போது அவருக்குத் தேவை எந்த இரண்டு மூன்று எண்கள் என்பது கண்ணாடியைப் பார்த்து முடிவாகியிருக்கும். குண்டு அந்தப் பக்கம் வராதபோது அவர் பெட்டியைத் தொடவே மாட்டார், டில்ட் அபாயத்தை வீணாக்குவானேன்?

1950களின் கடைசியில் பாலி இன்னும் ஒரு படி போனது. 1958இன் கார்னிவல் குயின், 1960இன் லகுனா பீச், 1961இன் பிகினி போன்றவற்றில் மேஜிக் ஸ்கிரீன் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் வண்ணப் பகுதிகள் அச்சிட்ட ஒரு திரை, பொத்தானை அழுத்தினால் இடவலமாக நகரும். கோட்டில் சேராத எண்கள் ஒரே வண்ணப் பகுதிக்குள் வந்துவிட்டாலும் பரிசு. எத்தனை இடம் நகர்த்த அனுமதி என்பதைக் காசுதான் சம்பாதிக்க வேண்டும். அதாவது ஆடுபவர் படத்தையே கையால் நகர்த்துகிறார். ஆட்டமும் படமும் ஒன்று என்று நான் சொன்னதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இனி படங்கள். நடுவில் கட்டம், சுற்றிப் பரிசு வரிசைகள், சலுகை விளக்குகள், கூடுதல் குண்டுக்கான பட்டை. இவையெல்லாம் இடத்தைப் பிடித்த பிறகு ஓவியருக்கு மிஞ்சுவது ஓரங்களும் மேல்விளிம்பும்தான். அந்த மிச்சத்துக்குள் ஓர் உருவத்தை எப்படி நிறுத்துகிறார் என்பதில்தான் திறமை தெரியும். நெடிய கால்கள், உயர்த்திய கை, சாய்ந்த குடை, இவையெல்லாம் பரிசு வரிசைகளுக்கு இடையே கண்ணை மேலும் கீழும் கூட்டிப்போகும் கோடுகள். அடுத்த முறை பார்க்கும்போது உருவத்தின் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பிளிப்பர் கண்ணாடிகளில் இருக்கும் நகைச்சுவைக் காட்சி இங்கே கிடையாது, அதற்கு இடமும் இல்லை. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. விளம்பரப் பலகையின் சிக்கனம் இந்தக் கண்ணாடிகளில் இருக்கிறது.

கடற்கரை ஏன் என்று கேட்டீர்கள். பெயர்களைப் பாருங்கள். கோனி ஐலண்ட், அட்லாண்டிக் சிட்டி, பாம் பீச், மியாமி பீச், கீ வெஸ்ட், சைப்ரஸ் கார்டன்ஸ். எல்லாம் அமெரிக்கர் விடுமுறைக்குப் போன நிஜ இடங்கள். மெஷின் செய்யப்பட்டதோ குளிருக்குப் பேர்போன சிகாகோவில். இன்னொரு காரணமும் உண்டு என்பது என் எண்ணம். 1951 ஜனவரியில் வந்த ஜான்சன் சட்டம் ஸ்லாட் மெஷின்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைத் தடுத்தது. அதன் வரையறை சின்னங்கள் பொறித்த சுழல் உருளைகளைச் சுற்றியே இருந்தது, பிங்கோ அதில் சிக்கவில்லை. ஆனால் பல இடங்களில் ரீப்ளேயைக் கடைக்காரர் காசாக மாற்றிக் கொடுத்தார். கொடுத்ததும் பாக்கி ரீப்ளேயை அழிக்க மெஷினில் வசதி இருந்தது, அழித்ததை எண்ண மீட்டரும் இருந்தது. இப்படிப்பட்ட பெட்டியின் முகத்தில் பகடையையோ சீட்டையோ வரைவது தானே போய் மாட்டிக்கொள்வது மாதிரி. கடற்கரை யாருக்கும் உறுத்தாது. நீதிமன்றம் இந்த முகத்தை நம்பவில்லை என்பது வேறு விஷயம். 1957இல் கோர்ப்பன் வழக்கில், காசு கொடுக்கப்படும் பின்பாலுக்கும் கேளிக்கை மெஷினுக்கான 10 டாலர் அல்ல, ஸ்லாட் மெஷினுக்கான 250 டாலர் ஆண்டு வரிதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1962இல் ஜான்சன் சட்டத்தின் வரையறையும் விரிந்தது. அதன் பிறகு பிங்கோவின் பெரிய சந்தைகளில் ஒன்று நீங்கள் இருக்கும் நாடுதான். இன்றும் பெல்ஜியச் சூதாட்டச் சட்டத்தில் கஃபேக்கள் மூன்றாம் வகைச் சூதாட்ட இடங்கள் என்று தனியாக இருக்கின்றன.

இப்போது உங்கள் மெஷின். பெயின்ட் கிளம்பியிருப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியது, அது அப்படியல்ல. படம் கண்ணாடியின் பின்பக்கம் சில்க் ஸ்கிரீனில் அச்சிடப்பட்டது. முன்னாலிருந்து பார்ப்பதற்காக வரிசை தலைகீழ்: முதலில் மெல்லிய கருங்கோடுகள், பிறகு வண்ணங்கள், பிறகு வெள்ளை, கடைசியில் ஒளி கசியாமல் இருக்க அடர்ந்த பூச்சு. பல்புகளின் சூட்டில் கண்ணாடியும் பெயின்டும் வேறு வேறு அளவில் விரியும், அணைத்தால் சுருங்கும். ஈரமும் சேர்ந்தால் பிடிப்பு விட்டுவிடும். அதனால் பின்பக்கத்தைத் துணியால் துடைக்காதீர்கள், கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் அடிக்காதீர்கள், டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். விரலால் அழுத்திப் பார்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். பின்பக்கம் தடித்த தெளிவான அக்ரிலிக் ஸ்பிரே அடித்துச் செதில்களை நிறுத்தும் வழி ஒன்று சேகரிப்பாளர்களிடம் உண்டு. அடித்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. பழைய பெயின்டோடு அது எப்படி வினைபுரியும் என்பதை ஒரு மூலையில் சோதித்த பிறகே முடிவெடுங்கள். பல்புகள் 44 எண் என்றால் எல்லாவற்றையும் 47க்கு மாற்றுங்கள். இரண்டும் 6.3 வோல்ட், ஆனால் 44 இழுப்பது 0.25 ஆம்பியர், 47 இழுப்பது 0.15. சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறையும்.

பார்க்கப் போகும்போது உடனே மின்சாரம் கொடுக்கச் சொல்லாதீர்கள். அமெரிக்காவுக்குச் செய்ததா, ஏற்றுமதிக்கா என்று டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். 115 வோல்ட் மட்டும் என்றால் அங்குள்ள 230 வோல்ட்டை 115ஆக இறக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். நொடிக்கு 60 சுழற்சி மின்சாரத்துக்குச் செய்த மோட்டார் அங்குள்ள 50இல் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். பியூஸ்கள் குறித்த அளவில்தான் இருக்கின்றனவா? யாராவது பெரியதைப் போட்டிருந்தால் உள்ளே ஒரு கோளாறை மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு மிக்ஸர், படிப்படியாக நகரும் ஸ்டெப் யூனிட்களைக் கையால் மெல்லத் திருப்புங்கள். ஐம்பது அறுபது வருட கிரீஸ் கோந்தாக இறுகியிருக்கும், பெரும்பாலான மெஷின்களின் நோய் இதுதான். கழற்றி, ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலால் பழைய கிரீஸை எடுத்து, பித்தளைக் குமிழ்களைப் பளபளப்பாக்கி, பேருக்கு மட்டும் புதிதாகத் தடவ வேண்டும். டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம், அது தூசியை இழுத்துக்கொண்டு மறுபடி இறுகும். மெஷினைப் போட்டதும் ஒரு மோட்டார் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பயப்படாதீர்கள். தன் ஆரம்ப இடத்தைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. அழுக்கான கான்டாக்ட் ஒன்று வழியில் இருக்கும்.

மேடைக்குக் கீழே ஒரு நகரும் பலகை உண்டு. குழியில் விழுந்த குண்டு அதன் மேல் உட்கார்ந்துதான் ஸ்விட்சை அழுத்துகிறது. புது ஆட்டம் தொடங்கும்போது பலகை விலகிக் குண்டுகளை உதிர்க்கும். அது கொஞ்சம் தள்ளி நின்றாலே குண்டு பாதியில் மாட்டும், அல்லது விழுந்தும் எண் எரியாது. 25 குழிகளையும் ஒவ்வொன்றாகக் குண்டு வைத்துச் சோதித்துவிடுங்கள், விலை பேசுவதற்கு முன்பே. எரியாத எண்ணுக்கு ஸ்விட்சின் கான்டாக்டுகளுக்கு இடையே ஆல்கஹால் தொட்ட விசிட்டிங் கார்டை விட்டு இழுத்தாலே பல நேரம் போதும். உப்புத்தாள் வேண்டாம், வெள்ளிப் பூச்சு போய்விடும். குண்டு குறைந்திருந்தால் கடையில் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் பிளிப்பர் குண்டை வாங்கிப் போடாதீர்கள். இருப்பதை அளந்து அதே அளவில் வாங்குங்கள்.

முதல் மெஷின் என்றால் மேஜிக் ஸ்கிரீன் மாடல் வேண்டாம் என்பது என் யோசனை. ஆட அது அற்புதம், பழுது பார்க்க அது தலைவலி. 1953, 54 வாக்கின் ஒற்றை அட்டை மெஷின் போதும். சர்க்யூட் வரைபடம் அசல் தாளில் கூடவே வந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், அது இல்லாமல் ரிலேக் காட்டுக்குள் போக முடியாது. எந்த மாடலாக இருந்தாலும் கண்ணாடியை மெஷினில் வைத்தபடி வண்டியில் ஏற்ற விடாதீர்கள். முதலில் அதைக் கழற்றி, பெயின்ட் பக்கத்தில் எதுவும் உரசாமல் இரண்டு நுரைப் பலகைகளுக்கு நடுவே ஓரங்களில் மட்டும் தாங்கு கொடுத்து, படுக்கவைக்காமல் நிறுத்தி எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்