பனிப்புயலில் நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் உள்ளேயே இருப்பதா, இறங்கி நடப்பதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கீழே ஒரு வரியைக் கூடுதலாக எழுதியிருக்கிறார்: “தூரத்தில் கட்டடத்தின் விளக்கு தெரிந்தால் நடந்து போய்விடலாம்தானே?” அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை, ஏனென்றால் நானும் அப்படி ஒரு விளக்கைப் பார்த்து இறங்கி நடந்தவன். உங்களோடு வயதானவர் ஒருவரோ குழந்தையோ காரில் இருக்கக்கூடும் என்று எண்ணுகிறேன். தனியாக மாட்டிக்கொள்பவர் இந்த அளவுக்கு யோசிப்பதில்லை. என் பதில், காரை விட்டு இறங்காதீர்கள் என்பதுதான். ஆனால் காருக்குள் இருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு, அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் சிக்கியது செய்திகளில் பெயர் வாங்கிய பெரும்புயல் எதிலும் அன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன், அக்கா வீட்டில் இருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு, ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணமாக வந்துகொண்டிருந்தேன். பனி இரவில்தான் தொடங்கும் என்று முன்னறிவிப்பு இருந்ததால் காலையிலேயே புறப்பட்டோம். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் கிளம்பினேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வழியில் முதலில் மழைதான் பெய்தது. மழை என்பதால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிற்பகல் மூன்று மணியளவில் அந்த மழை பனியாக மாறியது, நான்கரை மணிக்கு மேட்டுப்பகுதி ஒன்றில் முன்னால் சென்ற லாரி சறுக்கிச் சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றது, அதன் பின்னால் வந்த அத்தனை வண்டிகளும் நின்றன. மறுநாள் காலை ஒன்பதே முக்கால் வரை, அதாவது பதினேழு மணி நேரம், எங்கள் கார் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

முதலில் மழை, பிறகு பனி என்ற வரிசை எவ்வளவு மோசமானது என்பதை 2022 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்ததைப் படித்தபோதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். வாஷிங்டனுக்குத் தெற்கே ஐ-95 நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு முழுவதும் நின்றன. செனட்டர் டிம் கெய்ன் அந்த வரிசையில் சிக்கிச் சுமார் 27 மணி நேரம் கழித்துத்தான் தலைநகர் போய்ச் சேர்ந்தார். அங்கும் மழையில்தான் தொடக்கம். தரையில் பனி உறைந்து ஒட்டாமலிருக்க, அது விழுவதற்கு முன்பே சாலையில் உப்பைத் தூவியோ உப்புக் கரைசலைத் தெளித்தோ வைப்பது வழக்கம், ஆனால் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் தூவ முடியவில்லை. அதன் மேல் மணிக்கு இரண்டு அங்குலம் என்ற வேகத்தில் பனி கொட்டினால் பனி அகற்றும் வண்டிகளாலும் ஈடுகொடுக்க முடிவதில்லை. இதில் பலர் உணராத ஒரு சுழற்சி இருக்கிறது: வண்டிகள் நின்றுவிட்டால் பனி அகற்றும் வண்டி உள்ளே வர வழியில்லை, அது வராவிட்டால் நின்ற வண்டிகளுக்கு நகர வழியில்லை. ஒரே ஒரு லாரி சறுக்கினால் போதும். ஜப்பானின் கனெட்சு விரைவுச்சாலையில் 2020 டிசம்பரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இப்படித்தான் சிக்கின. அங்கே பலர் இரண்டு இரவுகளைக் காருக்குள் கழித்தார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் மூன்று மணி நேரம், இதோ நகர்ந்துவிடும் என்ற எண்ணத்தில் என்ஜினை அணைக்கவே இல்லை. ஏழரை மணிக்கு டேங்க் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்ததைப் பார்த்தபோதுதான் இரவு முழுவதும் இங்கேயே இருக்கக்கூடும் என்று உறைத்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை கைப்பையில் இருந்தது, ஆனால் சாப்பிட ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் மட்டுமே மிச்சம். எனக்கு இருந்த கவலை குளிரைப் பற்றியதைவிட அதைப் பற்றியதுதான்.

ஒன்பது மணி சுமாருக்குக் காற்று சற்றே தணிந்தது. அப்போது வலதுபுறம், சாலைக்கு அப்பால், மஞ்சளாக மூன்று விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. கட்டடம் இருக்கிறது, ஆட்கள் இருப்பார்கள், உணவு கிடைக்கும் என்று முடிவு செய்துகொண்டு, அம்மாவிடம் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்றேன். “வேண்டாம்ப்பா, பேசாம உட்காரு” என்றார். நான் கேட்கவில்லை.

எண்ணிக்கொண்டே நடந்ததால் நினைவிருக்கிறது, நாற்பத்திரண்டு அடி வைத்திருப்பேன். சாலையோரத் தடுப்புக் கம்பியைத் தாண்டியதும் பனி முழங்காலுக்கு மேல் இருந்தது. அப்போது காற்று மறுபடி எழுந்தது. மேலிருந்து விழும் பனியைவிடத் தரையிலிருந்து காற்று வாரி எறியும் பனிதான் கண்ணை அடைக்கிறது என்பது அந்த நொடி வரை எனக்குத் தெரியாது. விளக்குகள் மறைந்தன. சரி, திரும்பிவிடலாம் என்று திரும்பினால், நான்கு இண்டிகேட்டரும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்த என் காரும் இல்லை. நான் வந்த காலடித் தடம் எனக்குப் பின்னால் ஐந்தாறு அடி வரைதான் தெரிந்தது, அதற்கப்பால் தரை வழித்துவிட்டதுபோல் இருந்தது. சுற்றிலும் ஒரே வெள்ளை, எந்தப் பக்கம் சாலை என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. காற்று வீசும்போது அது என் இடது கன்னத்தில் அறைந்தது நினைவுக்கு வந்ததால், வலது கன்னத்தில் அறையும்படி திரும்பி, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன். கையில் தட்டியது தடுப்புக் கம்பி. அதைப் பிடித்தபடியே நகர்ந்து, எங்களுக்கும் பின்னால் நின்றிருந்த லாரியின் பக்கவாட்டில் முட்டிக்கொண்டு, அதைத் தடவியபடி காருக்கு வந்து சேர்ந்தேன். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட இருக்காது. கையுறைக்குள் விரல்கள் மரத்து, கார்க் கதவின் பிடியை இழுப்பதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

பிறகு கணக்குப் பார்த்தேன். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி என்றால், மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் உடல் அதை மைனஸ் 22 போல உணர்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் முதலில் கெடுவது கால்களைவிட யோசனைதான். வழி தவறியவர்களுக்குத் தாங்கள் வழி தவறியதே தெரியாமல் போவது அதனால்தான். அமெரிக்க வானிலைத் துறை பனிப்புயல் என்று வகைப்படுத்துவதற்குப் பனியின் ஆழத்தைப் பார்ப்பதே இல்லை. மணிக்கு 56 கிலோமீட்டர் காற்று, கால் மைலுக்கும் குறைவான பார்வைத் தூரம், இவை மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும் என்பதே அளவுகோல். அந்த அளவுகோலில் பார்வைத் தூரம் ஏன் இருக்கிறது என்பது எனக்கு நாற்பத்திரண்டு அடியில் விளங்கியது.

இனி காருக்குள் இருக்கும் ஆபத்து. நள்ளிரவுக்குப் பிறகு அம்மா நடுங்கத் தொடங்கினார். அதுவரை மணிக்குப் பத்து நிமிடம் என்று என்ஜினை ஓட்டி அணைத்துக்கொண்டிருந்தவன், அவர் நடுக்கம் தாங்காமல் தொடர்ந்து ஓடவிட்டேன். குளிர் வரும் என்று கண்ணாடிகளை இறுக ஏற்றியிருந்தேன். ஒரு மணி இருக்கும், தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார் அம்மா. வெறும் வயிறு, சர்க்கரை என்று நான் காரணம் கற்பித்துக்கொண்டேன். எனக்கும் தலை கனத்தது, அதைத் தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொண்டேன். அப்போது என் பக்கக் கண்ணாடியை யாரோ ஓங்கித் தட்டினார்கள். பின்னால் நின்ற லாரியின் ஓட்டுநர், கையில் மண்வாரி. கதவைத் திறக்கும்படி சைகை செய்தார், திறந்ததும் உள்ளே கைவிட்டு அவரே சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டு, என்னை காரின் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

சைலன்சர் குழாய் இருந்த இடமே தெரியவில்லை. காற்று பனியை அள்ளி வந்து பின் பம்பர் வரை குவித்திருந்தது. அவர் வாரியெடுத்த பிறகு பார்த்தேன்: குழாயின் வாயைச் சுற்றிப் பனி உருகி மறுபடி உறைந்து, கிண்ணம் போல, கருஞ்சாம்பல் நிறத்தில் ஓர் ஐஸ் வளையம் இறுகியிருந்தது. வெளியே போக வேண்டிய புகை அந்தக் கிண்ணத்தில் முட்டித் திரும்பி, வண்டியின் அடியில் தேங்கி, இடுக்குகள் வழியாக நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அவர் உயரமான இருக்கையில் அமர்ந்திருந்ததால், எங்கள் டாஷ்போர்டு வெளிச்சம் தெரிவதையும் பின்னால் புகை மட்டும் வராமலிருப்பதையும் கவனித்திருக்கிறார். நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, அம்மாவைப் போர்த்தி லாரியின் கேபினில் ஏற்றி உட்காரவைத்தார். அரை மணியில் அம்மாவுக்குக் குமட்டல் நின்றது, தலைவலி விடியும்வரை இருந்தது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால், காற்றில் சிறிதளவு கலந்தாலே உடல் மூச்சுவிட்டுக்கொண்டே மூச்சின்றித் தவிக்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று அதன் அறிகுறிகள் எல்லாம், இரவு முழுவதும் காரில் பட்டினியாகக் கிடப்பவருக்கு இயல்பாகவே வரக்கூடியவையாக இருப்பதுதான் கொடுமை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைப்பாதையில் பனியில் புதைந்த கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குளிரோடு இந்த வாயுவும் காரணமாகப் பேசப்பட்டது. 1978 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டனைச் சுற்றிச் செல்லும் 128-ஆம் நெடுஞ்சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நின்றபோதும் இதனால் உயிர்கள் போயின. குளிரால்தான் சாவு வரும் என்று எண்ணி ஹீட்டரை நம்பியிருந்தவன் நான், ஆகவேதான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

எனவே என்ஜினை ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இறங்கி, காரைத் தொட்டபடியே பின்னால் போய், குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டு வாருங்கள். மணிக்குப் பத்து நிமிடம் போதும். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். சும்மா ஓடும் என்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்கு முன்னே பின்னே எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அரை டேங்க் இருப்பவருக்கு எரிபொருள் பெரிய கவலையே இல்லை. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பனியில் உறைந்துபோவார்கள் என்று இங்கே ஒரு பதிலில் எழுதியிருக்கிறார்கள், அது சரியில்லை. ஹீட்டரைக் குறைத்து வைத்து இரண்டு கிலோவாட்டுக்குள் அடக்கினால், 60 கிலோவாட் மணி பேட்டரியில் பாதி இருந்தாலும் பதினைந்து மணி நேரம் ஓடும், நச்சுப் புகையும் கிடையாது. கடுங்குளிரில் அந்தக் கணக்கு குறையும் என்பதை மறுக்கவில்லை. தாகத்துக்குப் பனியை அப்படியே தின்னாதீர்கள், அதை உருக்க உங்கள் உடல் வெப்பம் செலவாகும். பாட்டிலில் போட்டு ஹீட்டர் ஓடும்போது உருக்கிக் குடிக்கலாம்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்படி யாராவது சிக்கினால், “எச்சரிக்கை கொடுத்த பிறகும் ஏன் வெளியே போனாய்?” என்ற ஒரே கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் உறவினர்களும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். 2014 ஜனவரியில் அட்லாண்டாவில் பெய்தது மூன்று அங்குலத்துக்கும் குறைவான பனி; அலுவலகங்களும் பள்ளிகளும் ஒரே நேரத்தில் விட்டதால் சாலைகள் அடைத்துக்கொண்டு, குழந்தைகள் பள்ளிகளிலேயே இரவைக் கழித்தார்கள். அவர்கள் யாரும் ஊர் சுற்றக் கிளம்பியவர்கள் இல்லையே. நெடுஞ்சாலையில் இரவில் இருப்பவர்களில் சரக்கு ஓட்டுபவர்களும் வேலை முடிந்து திரும்பும் செவிலியர்களும் எத்தனையோ பேர். எங்கள் உயிரைக் காப்பாற்றியவரும் அன்று வெளியே வந்தே ஆக வேண்டிய தொழிலில் இருந்தவர்தான்.

நீங்கள் கேட்ட அந்த விளக்குக்கு வருகிறேன். புயல் காலத்துக்கான பொது அறிவுரைகளில் ஏறத்தாழ நூறு கஜத்துக்குள் உதவி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் இறங்கலாம் என்று சொல்லியிருக்கிறது, நானும் அதற்கு எதிராக எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரவில், பனிக்கு நடுவே, ஒரு விளக்கைப் பார்த்துத் தூரத்தைச் சொல்ல யாராலும் முடியாது. எனக்கு அவை முந்நூறு அடியில் இருப்பதுபோல்தான் தெரிந்தன. மறுநாள் காலை வண்டிகள் நகரத் தொடங்கியதும் கிலோமீட்டர் கணக்கைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். சாலை வலப்பக்கமாக வளைந்து அந்த மூன்று விளக்குக் கம்பங்களுக்கு அருகில் போனபோது 2.8 காட்டியது. ஆளில்லாத மின் துணைநிலையம். சுற்றிலும் கம்பிவேலி, அதன் வாயிலில் பாதி உயரத்துக்குப் பனி, பூட்டு மட்டும் மேலே தெரிந்தது.