வெளிநாட்டில் நல்ல தேநீர்: முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி: வேலை நிமித்தம் அடிக்கடி வெளிநாடு செல்கிறேன். எந்த உணவகத்தில் கேட்டாலும் வெளிறிய நிறத்தில், சாரமே இல்லாத தேநீர்தான் வருகிறது. உயர்ந்த ரகத் தேயிலைப் பைகளைக் கையோடு எடுத்துச் சென்றும் பயனில்லை. திடமான பால் தேநீர் கிடைக்க என்ன வழி?

பதில்: தேயிலையை மாற்றிப் பார்த்துவிட்டீர்கள், கோளாறு தண்ணீரில் இருக்கிறது. கறுப்புத் தேயிலையின் நிறமும் துவர்ப்பும் முழுதாக இறங்க வேண்டுமானால் தண்ணீர் 95 டிகிரிக்கு மேல், கொதிநிலையை ஒட்டி இருக்க வேண்டும். காபியே பிரதானமாக இருக்கும் உணவகங்களில் தேநீருக்கென்று யாரும் தண்ணீர் கொதிக்க வைப்பதில்லை. காபி இயந்திரத்தின் வெந்நீர்க் குழாயைத் திறந்து பிடித்துத் தந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் கொதிநிலைக்குக் கீழேதான் இருக்கும். கனத்த குளிர்ந்த கோப்பையில் விழுந்ததும் சூடு மேலும் இறங்குகிறது. பை தட்டில் தனியே வருகிறது. நீங்கள் உறையைப் பிரித்து அதை உள்ளே போடுவதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. அந்தத் தண்ணீரில் எவ்வளவு உயர்ந்த தேயிலையும் எடுபடாது.

ஆகவே கேட்கும் விதத்தை மாற்றுங்கள். “பையைக் கோப்பையில் முதலில் போட்டு, அதன் மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றித் தாருங்கள்; பால் தனியாக வரட்டும்” என்று தெளிவாகவும் பணிவாகவும் சொல்லுங்கள். மூடியுள்ள தேநீர்க் குடுவை இருந்தால் அதையே கேளுங்கள், சூடு தங்கும். நான்கைந்து நிமிடம் பொறுத்து, பையை எடுத்த பிறகே பாலை ஊற்றுங்கள். பை உள்ளே இருக்கும்போதே குளிர்ந்த பாலைச் சேர்ப்பதால்தான் பாதித் தேநீர் பாழாகிறது. தண்ணீரின் சூடு சட்டென்று இறங்கி, சாறு இறங்குவது மந்தமாகிவிடும்.

அடுத்து, அளவு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சுவை பார்ப்பவர்களுக்காக வகுக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச நெறிமுறை, 100 மில்லி லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது. ஒப்பிட்டுச் சோதிப்பதற்கான அளவு என்பதால் அது குடிப்பதற்குக் கடுமையானது. அதில் பாதி போதும். சாதாரணப் பை ஒன்றில் சுமார் 2 கிராம்தான் இருக்கும். அமெரிக்காவில் 350 மில்லி லிட்டருக்குக் குறையாத காகிதக் குவளையில் ஒரே ஒரு பையைப் போட்டுத் தருகிறார்கள் என்றால் தேநீர் வேறு எப்படி இருக்கும்? இரண்டு பைகள் கேளுங்கள். குவளையில் பாதிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

மீதிப் பாதிக்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்று உண்டு. எஸ்பிரெஸோ இயந்திரம் உள்ள எந்தக் கடையிலும் பாலை நீராவியால் சூடாக்கும் குழாய் இருக்கும். சூடாக்கிய பாலைச் சிறு குவளையில் தனியே கேட்டு வாங்கி, நன்கு இறங்கிய கடும் சாற்றில் கலந்து பாருங்கள். நீங்கள் தேடும் தேநீருக்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள். அமெரிக்க மேசைகளில் சிறு கிண்ணங்களில் வைத்திருப்பது பெரும்பாலும் பாலும் கிரீமும் கலந்தது, அல்லது பாலே இல்லாத பொடி. இரண்டும் தேநீரின் மணத்தை அமுக்கிவிடும். பால் என்றே கேளுங்கள்.

பெயரைச் சொல்லிக் கேட்பதும் முக்கியம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெறுமனே ‘டீ’ என்றால் இனிப்பிட்ட ஐஸ் டீ வரும். ‘ஹாட் டீ’ என்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ‘ஷ்வார்ட்ஸ்டே’, பிரான்சில் ‘தே நுவார்’ என்று கேட்காவிட்டால் மூலிகையோ பழத் துண்டுகளோ ஊறிய நீர் வரக்கூடும். ஜப்பானில் ‘கோச்சா’ என்று கேளுங்கள். ‘ஓச்சா’ என்றால் பச்சைத் தேநீர்தான்.

இத்தனை பாடும் இல்லாமல் திடமான பால் தேநீர் கிடைக்கும் இடங்களும் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சாதாரணச் சிற்றுண்டிக் கடையே போதும். கென்யாவில் பாலையும் தண்ணீரையும் தேயிலையோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். வளைகுடா நாடுகளில் ‘கரக்’ கேளுங்கள். ஹாங்காங்கில் கடும் சாற்றில் சுண்டிய பாலைக் கலந்து தருவார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘தே’ என்றால் இனிப்பான கெட்டிப்பால் கலந்தது. இனிப்பில்லாத சுண்டிய பாலோடு, சர்க்கரையும் இல்லாமல் வேண்டுமானால் ‘தே சி கோசோங்’ என்று சொல்லுங்கள். துருக்கியில் பாலுக்கு வற்புறுத்தாதீர்கள். இரட்டை அடுக்குக் கெண்டியில் இறங்கிய சாற்றைப் பாலின்றிக் குடிக்க அதைவிட நல்ல நாடு கிடைப்பது அரிது. ‘கோயு’ என்றால் அடர்த்தியாக ஊற்றித் தருவார்கள்.

விடுதி அறையில் கெட்டில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அமெரிக்க விடுதிகளில் பெரும்பாலும் காபி இயந்திரம்தான் இருக்கும். அதில் வெறும் தண்ணீரை ஓடவிட்டாலும் காபி வாடை ஒட்டிக்கொள்ளும். விடுதி அனுமதித்தால், இரு மின்னழுத்தங்களிலும் இயங்கும் சிறிய பயணக் கெட்டிலை எடுத்துச் செல்லுங்கள். ஐரோப்பாவில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அடாப்டர் செருகியின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. 230 வோல்ட்டுக்கு மட்டும் செய்த கெட்டிலை 120-இல் செருகினால் அதன் திறன் ஏறத்தாழக் கால் பங்காகிவிடும். கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததை 230-இல் ஒருபோதும் செருகாதீர்கள். அது ஆபத்து.

லண்டன், பாரிஸ் போன்ற நகரங்களின் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தேநீரின் மேல் ஏடுபோல் படலம் மிதந்தால் காரணம் அதுவே. கனிமச் சத்து குறைந்த புட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நிறமே தெளிந்துவிடும்.

விமானத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேபினின் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். அங்கே 92 முதல் 94 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். சுமார் 3,600 மீட்டர் உயரத்திலுள்ள பொலிவியாவின் லா பாஸ் நகரில் 88 டிகிரிதான். இத்தகைய இடங்களில் பெரிய இலைகள் வேண்டாம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் சி.டி.சி. ரகத்தின் சிறு மணிகள் குறைந்த சூட்டிலும் விரைவாகச் சாறு விடும். கூடுதலாக இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள்.

பெட்டியில் வைக்க வேண்டியதும் அந்த ரகம்தான், கடையில் முத்திரையிட்ட பொட்டலமாகவே. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்லும்போது உணவுப் பொருள்கள் அனைத்தையும் வருகைப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். பால்பொடியோ, பால்பொடி கலந்த தயார்க் கலவையோ வேண்டாம். வெளியேயுள்ள பெரும்பாலான நாடுகளிலிருந்து பயணிகள் பால் பொருள்களைக் கொண்டுவருவதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது. குழந்தைகளுக்கான பால்பொடி போன்ற சிலவற்றுக்கே விலக்கு. பாலைப் போய்ச் சேரும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.