தண்ணீரில் ஊறியும் சுருங்காத விரல்

கேள்வி: காசிமேட்டில் மீன் அரிந்து கொடுக்கிறேன். கை ஈரத்திலேயே இருப்பதால் விரல் நுனியெல்லாம் சுருங்கிவிடும். ஆறு மாதம் முன்பு அருவாமனையில் ஆழமாக வெட்டுப்பட்ட இடது ஆட்காட்டி விரல் மட்டும் சுருங்குவதே இல்லை. காயம் ஆறிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். மேலே ஆறினாலும் உள்ளே நரம்பு அறுபட்டிருக்கலாம்.

தோல் நீரை உறிஞ்சி உப்புவதால்தான் சுருக்கம் விழுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால் உங்கள் ஆட்காட்டி விரலும் சுருங்கியிருக்க வேண்டுமே! வியர்வைத் துளைகள் வழியே நீர் புகுந்ததும் அங்குள்ள உப்பின் அளவு மாறுகிறது. உடனே நரம்புகள் விரல் நுனி ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. உள்ளே பருமன் குறைய, மேல்தோல் இழுபட்டு மடிகிறது. நரம்பு அறுந்த விரல் சுருங்காது என்பதை 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள்.

ஈரப் பொருள் நழுவாமல் பிடிக்கவே உடல் இப்படிப் பழகியது என்பது ஒரு கருத்து. 2013இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நீரில் கிடந்த கோலிக்குண்டுகளைச் சுருங்கிய விரல்கள் வேகமாக எடுத்தன. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. நரம்பின் பங்கில் சந்தேகமில்லை.

உப்புத் தண்ணீரிலும் ஐஸ் தண்ணீரிலும் சுருக்கம் தாமதமாகும். அதனால் வேலையிடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் நல்ல தண்ணீரைக் குளிக்கிற சூட்டில், சுமார் 40 டிகிரியில், எடுத்து இரு கைகளையும் 30 நிமிடம் வையுங்கள். சூட்டை வலது கையால் பாருங்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. பிறகு கையை நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் பிளாஸ்டிக் பேனாவை ஒவ்வொரு விரல் மேலும் இழுத்துப் பாருங்கள். வியர்க்கும் விரலில் பேனா லேசாக ஒட்டிப் போகும், நரம்பு அறுந்த விரலில் வழுக்கிக்கொண்டு ஓடும். தழும்பைத் தட்டினால் ஷாக் அடிப்பதுபோல் சுரீரென்கிறதா என்றும் கவனியுங்கள்.

நரம்பு வளர்வது நாளுக்கு சுமார் 1 மி.மீ. விரலின் அடியில் வெட்டுப்பட்டிருந்தாலும் நுனிக்கு 7, 8 செ.மீ.தான். தானாகச் சேர்வதாக இருந்தால் ஆறு மாதத்தில் அறிகுறி தெரிந்திருக்கும். பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே போய்க் காட்டுங்கள். இப்போதும் சரிசெய்ய வழி உண்டு, தள்ளிப்போட்டால் பலன் குறையும். அதுவரை அந்த விரலுக்கு உறை போடாமல் அருவாமனையில் உட்காராதீர்கள்.

இரு கைகளிலும் எந்த விரலுமே சுருங்காவிட்டால் விஷயம் வேறு. அப்போது முதலில் சர்க்கரை டெஸ்ட் எடுங்கள்.