கண்ணை மூடினால் படம் வராத பெண் ஆர்க்கிடெக்சர் படிக்கலாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் மகள் இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், ஆர்க்கிடெக்சர்தான் வேண்டும் என்கிறாள். ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வான நாட்டாவுக்கான கோச்சிங்கில் "கண்ணை மூடிக்கிட்டு ஒரு வீட்டை மனசுல பாருங்க" என்று சொன்னபோது, இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். இந்த ஒரு காரணத்துக்காக மாற்றவே மாற்றாதீர்கள்.

மனசுக்குள் படம் தெரிவது ஆளுக்கு ஆள் மாறும். 1880-லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பலரிடம், அன்று காலை சாப்பிட்ட மேஜையை நினைத்துப் பார்த்து, என்ன தெரிகிறது என்று சொல்லச் சொன்னார். சிலருக்கு நேரில் பார்ப்பதுபோலவே தெரிந்தது, சிலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரியாதவர்களில் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். 2015-ல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கு அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தார்கள். இது நோய் இல்லை. பிக்ஸார் அனிமேஷன் பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் தனக்கும் இப்படித்தான் என்று வெளிப்படையாகச் சொன்னவர். சின்ன வயதிலிருந்தே இப்படியா என்று மட்டும் மகளிடம் கேளுங்கள். முன்பு தெரிந்து இப்போது நின்றுபோயிருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மனப்படம் பளிச்சென்று தெரிந்தால் நன்றாக வரையலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அந்தப் படம் கண் பார்ப்பதோடு கலந்துவிடும். 1910-ல் பெர்க்கி என்ற பெண் ஆய்வாளர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிலரை ஒரு திரையைப் பார்த்தபடி வாழைப்பழத்தைக் கற்பனை செய்யச் சொன்னார். அவர்களுக்குத் தெரியாமல் அதே திரையில் வாழைப்பழ உருவம் ஒன்றை மிக மங்கலாகக் காட்டினார். நிஜமாகவே கண்முன் இருந்த படத்தை அவர்கள் தங்கள் கற்பனை என்றே நம்பினார்கள். படுக்கையாக நினைத்த பழம் ஏன் செங்குத்தாக நிற்கிறது என்று சிலர் வியந்தார்களாம்! பிற்கால ஆய்வு ஒன்றில் இரண்டு கண்களுக்கும் வேறுவேறு கோடுகளைக் காட்டினார்கள். முன்கூட்டியே எதைக் கற்பனை செய்தார்களோ, பெரும்பாலும் அதுதான் கண்ணுக்கு முதலில் தெரிந்தது.

வரைகிற பிள்ளைகளிடம் இதைப் போன்ற ஒன்றை நான் அடிக்கடி பார்க்கிறேன். முன்னால் நாற்காலி இருக்கும், பையன் தன் மனசில் இருக்கும் நாற்காலியை வரைந்துகொண்டிருப்பான். பின்னங்கால் குட்டையாகத் தெரிந்தாலும் நாலு காலையும் ஒரே நீளத்தில் போடுவான். உங்கள் மகள் எதிரில் இருப்பதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். 2021-ல் வந்த ஒரு ஆய்வில், இவளைப் போன்றவர்களுக்கு அறைகளின் போட்டோக்களைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பொருள்கள் குறைவாகவே வந்தன, வண்ணமும் குறைவு. ஆனால் எது எங்கே, எந்த அளவில் என்பதில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. இல்லாத பொருளை வரைந்ததும் குறைவு. கட்டடத்துக்கு இடமும் அளவும்தானே முக்கியம்!

சிரமம் இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஒரு உருவத்தைத் திருப்பினால் எப்படித் தெரியும் என்ற கேள்விகளில் அவளுக்கு நேரம் கூடுதலாக ஆகலாம். அதற்குத் தலைக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. அட்டையை வெட்டி ஒட்டி, கையில் திருப்பிப் பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன ஸ்கெட்ச் போட்டுப் பழகட்டும். அப்புறம் அட்டை இல்லாமல், கடிகாரம் வைத்துக்கொண்டு செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை சோமேஸ்வரர் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து தூண்களை வரையட்டும். வீட்டுக்கு வந்து அதே மண்டபம் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று போடச் சொல்லுங்கள்.

கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிட வேண்டாம், பி.ஆர்க் சேர இரண்டும் தேவை. நாட்டாவோடு ஜேஇஇ மெயினின் இரண்டாம் தாளும் எழுதினால் என்ஐடிகளுக்கும் முயற்சி செய்யலாம். உங்கள் மனசு ஆறுதலுக்கு, இன்ஜினியரிங்குக்கான கர்நாடக நுழைவுத் தேர்வான சி.இ.டி.யும் எழுதட்டும், தப்பில்லை.

இரண்டு மாதம் இப்படிச் செய்த பிறகும் பென்சிலை எடுக்கவே அலுப்பாக இருக்கிறது என்றால் அப்போது வேறு படிப்பைப் பற்றிப் பேசுவோம். அதுவரை அவள் கிழித்துப் போட நினைக்கும் பக்கங்களையும் சேர்த்து வையுங்கள், ஸ்கெட்ச் புத்தகத்தோடு அவளையும் அழைத்து வாருங்கள்.